நாள் குறிக்க மறுத்த ஆயர்



ஞாயிறுதோறும் திருப்பலியில் விசுவாச அறிக்கை செய்கிறோம். ஆண்டவர் மாட்சியுடன் மீண்டும் வருவார், அனைவருக்கும் தீர்ப்பு வழங்குவார் என்று வாயார அறிக்கையிடுகிறோம். ஆனால் கோவிலை விட்டு வெளியே வந்ததும் யாராவது ஒரு துண்டுப் பிரசுரத்தை நம் கையில் கொடுத்து, அந்த நாள் இந்த ஆண்டுதான், அதற்கான அடையாளங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டன என்று சொன்னால் நம்மில் பலருக்கு மனம் கலங்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன்பும், 2012ஆம் ஆண்டிலும் இத்தகைய கலக்கத்தைக் கண்டோம். போரோ, நிலநடுக்கமோ, கொள்ளைநோயோ வரும்போதெல்லாம் அதே கேள்வி பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுகிறது.

திருவிவிலியம் ஒன்றுதான். அதை வாசிப்பவர்கள் ஏன் இத்தனை விதமாகப் பொருள் சொல்கிறார்கள்? இக்கேள்விக்குப் பதில் தேடும்போது நமக்குத் துணையாக வருபவர் புனித அகுஸ்தினார். ஆகஸ்டு 28ஆம் நாள் நாம் விழா கொண்டாடும் இந்தப் புனிதரை மனம் திரும்பிய பாவி என்றும், மோனிக்காவின் கண்ணீரின் மகன் என்றும் அறிவோம். ஆண்டவரின் இரண்டாம் வருகை பற்றித் தாம் கொண்டிருந்த கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டவர் அவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தக் கோணத்தில் அவரது வாழ்வை இன்று சிந்திப்போம்.

எல்லாம் தெரியும் என்றவர்களிடையே

அகுஸ்தினார் 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்தார். அது இன்றைய அல்ஜீரியா நாட்டில் உள்ளது. தந்தை பத்ரீசியுஸ், தாய் மோனிக்கா. கூர்மையான அறிவு படைத்த மகனைப் பெற்றோர் மதவுரா நகரிலும், பின்னர் கார்த்தேஜ் மாநகரிலும் படிக்க வைத்தார்கள். அங்கே அவர் மானிக்கேயர் என்னும் குழுவினரிடம் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர்களோடு இருந்தார்.

மானிக்கேயர் அவரைக் கவர்ந்ததற்கு ஒரு முக்கிய காரணம் உண்டு. அவர்கள் எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்தார்கள். சூரியன், சந்திரன், விண்மீன்கள் என எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. ஆனால் வானநூல் அறிஞர்கள் கணக்கிட்டுச் சொன்ன கிரகணங்கள் சொன்னபடியே நிகழ்ந்தபோது, மானிக்கேயரின் விளக்கங்கள் அவற்றோடு ஒத்துப்போகவில்லை. அவர்களுடைய பெரிய போதகரான ஃபவுஸ்துஸ் வந்தால் எல்லாச் சந்தேகமும் தீரும் என்றார்கள். அவரும் வந்தார். கேள்விகளைக் கேட்டதும், தமக்கு அவை தெரியாது என்று ஒத்துக்கொண்டார். அந்தக் குழுவின்மீது அகுஸ்தினார் வைத்திருந்த நம்பிக்கை அன்றே தளர்ந்தது. ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்று வெட்கப்படாமல் சொன்ன அந்த மனிதரின் பணிவை அவர் மறக்கவில்லை. தமது வாழ்க்கை வரலாற்று நூலான 'ஒப்புதல்கள்' என்னும் படைப்பில் அதைப் பாராட்டியே எழுதினார்.

சோதிடத்திலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. நண்பர் ஒருவர் தாம் அறிந்த ஒன்றை அவரிடம் சொன்னார். செல்வர் வீட்டு மகனும் அடிமையின் மகனும் ஒரே நேரத்தில் பிறந்தார்கள். இருவருக்கும் ஒரே சாதகம். ஆனால் ஒருவர் செல்வத்தில் வளர்ந்தார், மற்றவரோ அடிமையாகவே இருந்தார். விண்மீன்களைப் பார்த்து வருங்காலத்தைச் சொல்வது வீண் என்பதை அகுஸ்தினார் உறுதியாக உணர்ந்துகொண்டார். வருவதைக் கணித்துச் சொல்கிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வாழ்க்கையே அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

383ஆம் ஆண்டு உரோமைக்கும், அடுத்த ஆண்டு மிலான் நகருக்கும் ஆசிரியப் பணிக்காகச் சென்றார். மிலானில் ஆயர் புனித அம்புரோசியாரின் மறையுரைகளைக் கேட்டார். பழைய ஏற்பாட்டின் கடினமான பகுதிகளுக்கு எழுத்தின்படி மட்டுமன்றி ஆன்மிகப் பொருளும் உண்டு என்பதை அங்கேதான் கற்றார். 386ஆம் ஆண்டு மனம் திரும்பினார். 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பு இரவில் அம்புரோசியாரின் கையால் திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டு தாய் மோனிக்கா ஒஸ்தியா துறைமுக நகரில் இறைவனடி சேர்ந்தார். 391இல் ஹிப்போ நகரில் குருவான அகுஸ்தினார், சில ஆண்டுகளிலேயே அந்நகரின் ஆயரானார். இறக்கும்வரை அந்த மக்களோடுதான் இருந்தார்.

ஆயிரம் ஆண்டு அரசு

திருவெளிப்பாடு நூல் 20ஆம் அதிகாரத்தில் சாத்தான் ஆயிரம் ஆண்டுகள் கட்டிவைக்கப்படுவதையும், புனிதர்கள் கிறிஸ்துவோடு ஆயிரம் ஆண்டுகள் ஆட்சி செய்வதையும் வாசிக்கிறோம். தொடக்கத் திருச்சபையில் சிலர் இதை எழுத்தின்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆண்டவர் வந்து இம்மண்ணிலேயே ஆயிரம் ஆண்டு அரசை நிறுவுவார், அதன் பிறகே பொதுத்தீர்வை என்றார்கள். இவர்களைத் தவறான போதகர்கள் என்று நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மறைச்சாட்சியான புனித யுஸ்தினும், லியோன் நகர ஆயர் புனித இரேனியுவும் இந்தக் கருத்தைக் கொண்டிருந்தார்கள். அலெக்சாந்திரியாவின் ஓரிஜென் போன்றவர்களோ, இது ஆன்மிகப் பொருளில் சொல்லப்பட்டது என்றார்கள். புனித எரோணிமும் எழுத்தின்படியான பொருளை ஏற்கவில்லை.

இதோடு ஒரு கணக்கும் சேர்ந்துகொண்டது. கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். ஆண்டவருக்கு ஒரு நாள் ஆயிரம் ஆண்டுகள் போன்றது. ஆகவே உலகம் ஆறாயிரம் ஆண்டுகள் இருக்கும், ஏழாம் ஆயிரம் ஓய்வின் ஆயிரமாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய லக்தான்சியுஸ் என்னும் அறிஞர், எஞ்சியிருப்பது 200 ஆண்டுகளுக்கு மேல் இராது என்ற எதிர்பார்ப்பைக் குறிப்பிட்டார். அகுஸ்தினார் வாழ்ந்த காலத்தில் அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அகுஸ்தினாரும் தொடக்கத்தில் இந்தக் கருத்தையே ஏற்றிருந்தார். அவருடைய மறையுரை ஒன்றில் அதன் சாயலை இன்றும் காணலாம். பின்னர் அதைக் கைவிட்டார். இதை அவர் மறைக்கவில்லை. 'இறைவனின் நகர்' என்னும் பெருநூலின் 20ஆம் புத்தகத்தில், ஒரு காலத்தில் தாமும் இவ்வாறே கருதியதாக வெளிப்படையாக எழுதினார். அந்த ஆயிரம் ஆண்டு ஓய்வு, ஆண்டவரின் உடனிருப்பில் புனிதர் பெறும் ஆன்மிக இன்பம் என்றால் அக்கருத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் அதை அளவற்ற உணவும் பானமும் நிறைந்த விருந்து என்று சிலர் வருணித்ததை அவரால் ஏற்க முடியவில்லை. விண்ணரசின் மகிழ்ச்சி வயிற்றின் மகிழ்ச்சியாகச் சுருங்கிப்போவதைக் கண்டு வருந்தினார்.

பிரிந்து சென்றவரிடம் கற்ற பாடம்

அக்காலத்தில் ஆப்பிரிக்கத் திருச்சபை கத்தோலிக்கர் என்றும் தொனாத்துஸ் சபையார் என்றும் பிளவுபட்டிருந்தது. பிரிந்து சென்றவர்களோடு அகுஸ்தினார் பல ஆண்டுகள் வாதாடினார். அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான் தைகோனியுஸ் என்னும் விவிலிய அறிஞர். திருநூலைப் புரிந்துகொள்ள ஏழு விதிகளை வகுத்து எழுதியவர். திருவெளிப்பாட்டுக்கும் விளக்கவுரை எழுதினார். அந்த நூல் வருங்கால நிகழ்ச்சிகளின் பட்டியல் அன்று, திருச்சபை இப்போது வாழும் வாழ்வின் ஓவியம் என்பது அவர் கருத்து.

மாற்று அணியில் இருப்பவர் எழுதியது என்று அகுஸ்தினார் அதை ஒதுக்கவில்லை. பொறுமையாகப் படித்தார். ஏற்க வேண்டியதை ஏற்றார். விவிலிய விளக்கம் பற்றித் தாம் எழுதிய நூலில் தைகோனியுஸின் விதிகளை அவர் பெயரைச் சொல்லியே விளக்கினார்.

இந்த வழியில் அகுஸ்தினார் திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரத்துக்குப் பொருள் கண்டார். வலியவனைக் கட்டிவிட்டுத்தான் அவன் வீட்டுப் பொருள்களைக் கொள்ளையிட முடியும் என்று இயேசு சொன்னதை நினைவுகூர்ந்தார் (மாற் 3:27). ஆண்டவர் தம் முதல் வருகையிலேயே சாத்தானைக் கட்டிவிட்டார். ஆகவே ஆயிரம் ஆண்டுகள் என்பது முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட திருச்சபையின் காலம். ஆயிரம் என்பது நிறைவைக் குறிக்கும் எண்ணாகவும் இருக்கலாம் என்றார். முதல் உயிர்ப்பு என்பது பாவத்தில் இறந்துகிடந்த ஆன்மா அருளால் உயிர்பெறுவது. இரண்டாவது, இறுதி நாளில் உடல் உயிர்பெறுவது. முதல் உயிர்ப்பில் பங்குபெறாமல் இரண்டாம் உயிர்ப்பின் மகிழ்ச்சிக்குக் காத்திருப்பது எப்படி?

மேலைத் திருச்சபையில் இவ்விளக்கமே பெரிதும் நிலைபெற்றது. 1944இல் திருப்பீடத்தின் ஆணை ஒன்று, கிறிஸ்து பொதுத்தீர்வைக்கு முன் காணக்கூடிய வகையில் வந்து இவ்வுலகில் அரசாளுவார் என்ற கருத்தைப் பாதுகாப்பாகக் கற்பிக்க இயலாது என்றது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், வரலாற்றுக்குள்ளேயே மெசியாவின் அரசை முழுமையாக அமைத்துவிடலாம் என்ற எண்ணத்தை மறுக்கிறது (எண் 676).

உரோமை வீழ்ந்தபோது

410ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அலாரிக் என்னும் கோத்தியர் தலைவரின் படை உரோமை நகருக்குள் புகுந்து கொள்ளையடித்தது. 800 ஆண்டுகளாக அந்நியர் படை நுழையாத நகரம் அது. அகதிகள் பலர் கடல் கடந்து ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தார்கள். பழைய தெய்வங்களைக் கைவிட்டதால் வந்த கேடு இது என்று வேற்றுச் சமயத்தவர் கிறிஸ்தவரைப் பழித்தார்கள். உரோமையே வீழ்ந்தபின் உலகம் எப்படி நிலைக்கும் என்று கிறிஸ்தவர் சிலர் நடுங்கினார்கள்.

அகுஸ்தினார் இரு சாராருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 413இல் தொடங்கி ஏறக்குறைய 13 ஆண்டுகள் உழைத்து 22 புத்தகங்கள் கொண்ட 'இறைவனின் நகர்' நூலை எழுதினார். உரோமையின் வீழ்ச்சி ஒரு பேரரசுக்கு நேர்ந்த துன்பம். அதை உலக முடிவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நகரங்கள் எழும், விழும். இறைவனின் நகரோ இவ்வுலகில் திருப்பயணியாக நடந்துகொண்டே இருக்கும். இதுதான் அந்நூலின் மையச் செய்தி.

ஆண்டவரின் விண்ணேற்றத்திலிருந்து 400 ஆண்டு, 500 ஆண்டு, ஆயிரம் ஆண்டு என்று பலர் பலவாறு எண்ணிக்கொண்டிருந்ததையும் அந்நூலில் குறிப்பிடுகிறார். காலங்களை அறிவது உங்களுக்குரியதன்று என்று ஆண்டவரே சீடர்களிடம் சொல்லிவிட்டார் (திப 1:7). ஆகவே கணக்குப் போடும் விரல்களுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார். தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், நெறிகெட்டவனைத் தடுத்துவைத்திருப்பது எது என்ற கடினமான பகுதி வரும்போது (2 தெச 2), பிறர் கூறிய விளக்கங்களை எடுத்துச்சொல்லிவிட்டு, பவுலடியார் என்ன நினைத்தார் என்பது தமக்குத் தெரியவில்லை என்று எழுதினார். திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர் எழுதியது இது!

சலோனா ஆயரின் கேள்வி

இப்படி இருக்கையில், 418ஆம் ஆண்டளவில் ஹிப்போவுக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் சலோனா நகர ஆயர் எசீக்கியுஸ். சலோனா இன்றைய குரோவாசியா நாட்டுக் கடற்கரையில் இருந்த நகரம். தானியேல் நூல் கூறும் வாரங்களைக் கொண்டு உலக முடிவைப் பற்றி ஏதேனும் அறிய முடியுமா என்று அவர் ஆவலாகக் கேட்டார். அகுஸ்தினார் புனித எரோணிமின் விளக்கத்தை இணைத்துச் சுருக்கமாகப் பதில் அனுப்பினார். அந்த வாரங்கள் ஆண்டவரின் முதல் வருகையைக் குறிப்பவை என்பதே தம் கருத்து என்றார். நீங்கள் கேட்டதை அறிந்திருக்கவே நானும் விரும்புகிறேன், ஆனால் அறிய முடியாதபோது, பொய்யான அறிவைக் காட்டிக்கொள்வதைவிட என் அறியாமையை ஒத்துக்கொள்வதே மேல் என்ற கருத்தில் எழுதினார்.

எசீக்கியுஸ் விடவில்லை. அவரும் இறைப்பற்று மிக்க ஆயர்தான். ஆண்டவரின் வருகையை விரும்பிக் காத்திருப்போருக்கு வெற்றி வாகை உண்டு என்று பவுலடியார் எழுதியிருக்கிறாரே, விரும்புகிறவர் அதன் காலத்தைத் தேடாமல் இருப்பாரா? நாளும் வேளையும் தெரியாது, சரி. காலத்தின் அடையாளங்களைக் கண்டுகொள்ளலாமே? நற்செய்தியும் எங்கும் அறிவிக்கப்பட்டுவிட்டதே? இவையே அவரது வாதங்கள்.

அகுஸ்தினார் இம்முறை நீண்ட மடல் எழுதினார். நற்செய்தி எங்கும் எட்டிவிடவில்லை, இதே ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளில் அதைக் கேட்டிராத இனத்தவர் பலர் இருக்கிறார்கள் என்றார். சிறைபிடிக்கப்பட்டு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக அவர் அறிந்திருந்த செய்தி அது. போர்கள் அடையாளம் என்றால், மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் காலியேனுஸ் ஆட்சியில் எல்லாத் திசையிலிருந்தும் படையெடுப்புகள் வந்தபோதும் முடிவு வரவில்லையே என்று நினைவூட்டினார். இதுவே இறுதிக் காலம் என்று யோவான் தம் திருமுகத்தில் எழுதி (1 யோவா 2:18) எத்தனையோ ஆண்டுகள் கடந்துவிட்டன. நற்செய்தியில் சொல்லப்பட்ட அடையாளங்களில் சில 70ஆம் ஆண்டு எருசலேம் அழிந்ததைக் குறிப்பவை, சில ஆண்டவர் தம் திருச்சபையில் நாள்தோறும் வருவதைக் குறிப்பவை, சில மட்டுமே இறுதி வருகையைக் குறிப்பவை. இவற்றைப் பிரித்தறிந்து வாசிக்க வேண்டும் என்றார்.

மூன்று பணியாளர்கள்

அந்த மடலின் இறுதியில் அவர் ஓர் உவமையைச் சொல்கிறார். தலைவரின் வருகைக்குக் காத்திருக்கும் மூன்று பணியாளர்கள். மூவருக்கும் தலைவர்மேல் அன்பு உண்டு. மூவரும் விழித்திருக்கச் சொல்கிறார்கள். முதலாமவர், தலைவர் விரைவில் வந்துவிடுவார் என்கிறார். இரண்டாமவர், அவர் வரத் தாமதமாகலாம், ஆனால் நம் வாழ்நாள் குறுகியது என்கிறார். மூன்றாமவர், அவர் எப்போது வருவார் என்பது தமக்குத் தெரியாது என்கிறார்.

முதலாமவர் சொன்னது நடந்தால் நல்லது. நடக்காவிட்டால்? அவரை நம்பியவர்கள், தலைவர் தாமதிக்கிறார் என்று நினைக்கமாட்டார்கள், வரவே மாட்டார் என்று நினைத்துவிடுவார்கள். எளியோரின் விசுவாசம் உடைந்துபோகும். இரண்டாமவர் சொன்னது தவறிப்போனாலும் பெரிய கேடு இல்லை. தலைவர் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்தால் மகிழ்ச்சிதான். மூன்றாமவர் முதலாமவரின் விருப்பத்தை விரும்புகிறார், இரண்டாமவரின் பொறுமையைப் பொறுக்கிறார், எதையும் அடித்துச் சொல்வதில்லை. ஆகவே அவர் தவறுவதில்லை. அந்த மூன்றாம் பணியாளராக இருக்கவே அகுஸ்தினார் விரும்பினார்.

முற்றுகையில் ஹிப்போ

எழுதியபடி அவர் வாழ்ந்தாரா? அதற்கான சோதனை விரைவில் வந்தது. 429இல் வந்தால் இனத்தவரின் படை கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. கோவில்கள் எரிந்தன. ஊர்கள் வெறுமையாயின. குருக்கள் தப்பி ஓடலாமா என்று ஓர் ஆயர் கேட்டு எழுதினார். மக்கள் இருக்கும்வரை, திருமுழுக்குக்காகவும் ஒப்புரவுக்காகவும் நற்கருணைக்காகவும் அவர்கள் ஏங்கும்வரை, பணியாளர் அவர்களை விட்டு ஓடக்கூடாது என்பது அகுஸ்தினாரின் பதில். உலகம் முடிகிறது என்று அவர் அறிவிக்கவில்லை. மக்களோடு இருங்கள் என்று மட்டுமே சொன்னார்.

430ஆம் ஆண்டு ஹிப்போ முற்றுகையிடப்பட்டது. 75 வயது முதியவரான ஆயர் நகருக்குள்ளேயே இருந்தார். முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் காய்ச்சலில் விழுந்தார். தாவீதின் மனவருத்தத் திருப்பாடல்களை எழுதச்செய்து, படுக்கையிலிருந்து பார்க்கும்படி சுவரில் பொருத்தச்சொன்னார். அவற்றை வாசித்து வாசித்துக் கண்ணீர் விட்டார். இறுதிப் பத்து நாள்கள், மருத்துவர் வரும்போதும் உணவு கொண்டுவரும்போதும் தவிர வேறு யாரும் உள்ளே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு செபத்தில் ஆழ்ந்திருந்தார். ஆகஸ்டு 28ஆம் நாள் உயிர் துறந்தார். எழுதிவைக்கச் சொத்து ஏதும் இல்லாததால் அவர் உயில் எழுதவில்லை என்று, உடனிருந்த நண்பர் ஆயர் பொசீதியுஸ் பதிவு செய்துள்ளார்.

மதிலுக்கு வெளியே பகைவர் படை. உள்ளே பசி. கண்ணெதிரே தாம் அறிந்த உலகம் முழுவதும் சிதைந்துகொண்டிருந்தது. முடிவு வந்துவிட்டது என்று சொல்ல அவரைவிடத் தகுந்த காரணம் யாருக்கு இருந்திருக்கும்? அவரோ எந்த நாளையும் குறிக்கவில்லை. ஒருவருடைய இறுதி நாள் அவரை எந்த நிலையில் காண்கிறதோ, அந்த நிலையிலேயே உலகின் இறுதி நாளும் அவரைக் காணும் என்று எசீக்கியுஸுக்கு எழுதியிருந்தார். தமக்குரிய அந்த நாளுக்காக மனவருத்தத்தோடு தம்மைத் தயாரித்தார்.

நமது சிந்தனைக்கு

அன்பர்களே, இரண்டாம் வருகை பற்றிய பகுதிகளைப் பிற சபையைச் சேர்ந்த நம் சகோதர சகோதரிகள் வேறு விதமாக விளக்குவதைக் கேட்கிறோம். ஆயிரம் ஆண்டு அரசை எழுத்தின்படி நம்புவோர் பலர் அவர்களிடையே உண்டு. அவர்களைப் பழிக்க வேண்டாம். ஆண்டவர் வர வேண்டும் என்ற ஏக்கம் அவர்களிடம் இருக்கிறது. அந்த ஏக்கம் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று நாம் நம்மையே கேட்க வேண்டும். அதே வேளையில், நாளையும் ஆண்டையும் குறித்துச் சொல்லும் எவருக்கும் செவிகொடுக்க வேண்டாம். அந்த நாள் தவறிப்போனால் உடைவது சொன்னவரின் பெயர் மட்டுமன்று, கேட்ட சிறியோரின் விசுவாசமும்தான்.

மறையுரை மேடையில் நிற்கும் எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பதுபோல் பேசத் தோன்றும். தெரியாது என்று சொன்னால் மதிப்புக் குறையுமோ என்ற தயக்கம் வரும். ஹிப்போவின் ஆயர் அந்தத் தயக்கத்தை வென்றவர். அதனால்தான் 1600 ஆண்டுகள் கடந்தும் அவரை நம்பி வாசிக்கிறோம்.

ஆண்டவர் வருவார். அது உறுதி. எப்போது என்பது தந்தைக்குத் தெரியும். இன்றிரவு உறங்கப் போகுமுன் நாம் ஒப்புரவாக வேண்டியவர் ஒருவர் இருக்கிறாரா? தள்ளிப்போட்ட பாவ அறிக்கை ஒன்று இருக்கிறதா? கதவருகே காத்து நிற்கும் ஏழை ஒருவர் இருக்கிறாரா? இவற்றிலிருந்து தொடங்குவோம். தலைவர் எந்த நேரத்தில் வந்தாலும், விழித்திருக்கும் பணியாளராக நம்மைக் காணட்டும்.